பக்கெட் சார் பார்த்த பள்ளத்து வீடு

படப்பையிலிருந்து தாம்பரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை. நின்று காத்திருந்தால் கோபம் ஆறிவிடும், ஆறினால் திரும்பிப் போய்விடுவேன் என்ற பயம். படப்பையில் ஒரு பட்டறையில் வேலை, அவர்கள் கொடுத்த ரூமில் தங்கல். பகல் ஷிப்ட்காரன் எழுந்த இடத்தில் ராத்திரி ஷிப்ட்காரன் படுக்க வேண்டும். தலையணை ஆறியதே கிடையாது. அன்றைக்கு சூப்பர்வைசர், “ரூமுக்கு இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு அட்ஜஸ்ட் செய்துவிட்டேன்.

அப்படி வரும் வழியில்தான் பக்கெட் சாரைப் பார்த்தேன். சென்னைக்குத் தெற்கே வீடு பார்த்து அலைந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். பார்த்த வீட்டையெல்லாம் குளிப்பாட்டியவர் அவர் ஒருவர்தான்.

முடிச்சூரில் ஒரு கிளைத்தெரு. டக்-இன் செய்த சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட் தூக்கித் தூக்கியே இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“தம்பி! ஹைட் என்ன?”

“அளந்ததில்ல சார்.”

“பரவாயில்ல. உள்ள வந்து கொஞ்சம் படுங்க.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். ஆனால் மரியாதையான முகம். காலையிலிருந்து நடந்தவனிடம் ஒருவர் படுக்கச் சொல்கிறார்; காரணம் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே ஒரு புரோக்கர் நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். என்னைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. பெட்ரூம் தரையில் படுத்தேன்.

“காலை நீட்டுங்க. இன்னும். கதவு இடிக்குதா?”

“இடிக்கல சார்.”

“பாத்தீங்களா பாய், ஒரு ஆள் படுத்தா பீரோ வைக்க இடமில்ல.”

“சார், பீரோ கீறவன் இந்த வூட்டுக்கே வர மாட்டான் சார்” என்றார் பாய்.

சார் தண்ணீர் பிடிக்கப் போனபோது பாய் என் காதருகே குனிந்தார். “ரிடயர்டு. கைல பணம் வந்துகீது. ஒரு வூடு வாங்கி வாடகைக்கு வுடணும்னு ரெண்டு வருஷமா என் உயிர எடுத்துகினு கீறாரு. இதான் கடசி வூடு. இன்னிக்கு முடியலன்னா பேங்க்ல போட்டுடுவேன்னு அவங்க வூட்டம்மா சொல்ட்டாங்க. அவரு கனவும் பூடும், என் கமிஷனும் பூடும். நீ எதுனா குறுக்க பேசாத.”

அந்த பக்கெட்டின் வரலாற்றைப் பின்னால் பாய் எனக்கு முழுக்கச் சொன்னார். தாம்பரத்துப் புரோக்கர்கள் தூரத்தில் பச்சை நிறம் தெரிந்தாலே ஷட்டரை இறக்கிவிடுவார்களாம். சார் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயடியில் பக்கெட்டை வைத்து, அது நிரம்புவதற்குள் தண்ணீரை நக்கிப் பார்த்து உப்பா இல்லையா என்று சொல்லிவிடுவார். பிறகு அதை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் ஊற்றிவிட்டு, கீழே ஓடிவந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். சேலையூரில் இப்படி ஊற்றியது, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் ரசத்தில் சொட்டியது. “லீக்கு இல்லன்னு என்கிட்டயே சொன்னீங்களே” என்று பெண்டாட்டி கேட்க, இருவருக்கும் சண்டை வந்து, வீடு விற்பனையிலிருந்தே விலகிவிட்டது. வேலை முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டால், “காலியா இருக்கே, இதுல எது லக்கேஜ்?” என்பார். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

நிரம்பிய பக்கெட்டோடு திரும்பி வந்தவர் ஹாலின் நடுவில் நின்றார்.

“நான் வாஸ்து பாக்கறதில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச். ஆனா குடி வர்றவங்க பாப்பாங்களே!”

உடனே அவரே குடி வந்தார். “என்ன சார், கிச்சன் ஈசான்ய மூலையில இருக்கு?” என்று ஒரு மாமியின் குரலில் கேட்டு, “அதனாலதாம்மா வாடகை கம்மி” என்று தன் குரலில் பதில் சொன்னார். பிறகு வேறு பக்கம் திரும்பி, “இந்தப் பக்கம் தொழுதா எதிர்ல பாத்ரூம் வருதே” என்றார்.

“எங்க ஆளுங்க கதவ சாத்திப்பாங்க சார்” என்றார் பாய்.

“ப்ரோ, மாடி சாவி கிடைக்குமா? நாங்க நாலு பேர்தான், சனிக்கிழமை மட்டும் ஆறு பேர்.” இது சார் பேசிய பேச்சிலர் பையன் குரல்.

“சத்தியமா முடியாது!” என்று அவருக்கே அவர் கோபப்பட்டார். வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். யார் குரலுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

சுவரைப் பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் புத்தம்புது பிரவுன் பெயிண்ட்.

“அது டிசைன் தம்பி” என்றார் பாய், நான் வாய் திறப்பதற்குள்.

“பாத்ரூமுக்குள்ளயும், கதவுக்குப் பின்னாலயும் கூடவா பாய் டிசைன்? தண்ணி நின்ன மட்டமா?” என்று கேட்டுக்கொண்டே சார் வாசலுக்குப் போனார்.

அந்தத் தெருவில் ரோட்டுமேல் ரோடு, அதன்மேல் ரோடு என்று போட்டுப் போட்டு, வீடு பள்ளத்தில் இறங்கி நின்றது. கேட்டிலிருந்து கீழே இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். சார் கேட்டருகே நின்று பக்கெட்டைச் சாய்த்தார். தண்ணீர் அடிக்கடி வந்துபோகும் உறவுக்காரர் மாதிரி படியிறங்கியது, வழி கேட்காமல் ஹாலைத் தாண்டியது, நான் படுத்திருந்த இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

“சூப்பர்!” என்று சார் கைதட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்குகிறவர் சந்தோஷப்படுகிறார், விற்க வந்தவருக்கு வியர்க்கிறது.

“குறை தெரிஞ்சு போச்சு தம்பி. இனிமே சரி பண்ணிடலாம். பாய், தரையை ரெண்டடி ஏத்தினா?”

“ஏத்தலாம் சார். ஃபேன் தலைய சீவிடும்.” இருவரும் என் தலையைப் பார்த்தார்கள்.

“ஜாக்கி வச்சு வீட்டையே தூக்கறாங்களே?”

“தூக்கலாம் சார். அந்தத் துட்டுக்கு இன்னொரு வூடு வரும். நான் சொல்றத கேளுங்க. ஒண்ணுமே பண்ணாதீங்க. அப்டியே வாங்குங்க, அப்டியே வுடுங்க. வெல கம்மி. மழைல ஒரு மாசம் காலியா கெடந்தா கூட மத்த மாசம் வாடகை வந்துகினே இருக்கும்.”

சாரின் கை சட்டைப் பையில் இருந்த செக் புத்தகத்தைத் தொட்டது. இரண்டு வருடத்தில் அந்தக் கை அவ்வளவு தூரம் போனதே இல்லை என்று பாய் பிற்பாடு சொன்னார்.

“ஆனா யாரு பாய் வருவா இங்க?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க உண்மையைச் சொல்லுங்க. இந்த வீட்டுக்குக் குடி வருவீங்களா?”

“வருவேன் சார்.”

“தண்ணி வந்ததைப் பாத்தீங்களே?”

“மழைக்குத்தான சார் வரும்? மத்த நாள்ல காலை நீட்டிப் படுக்கலாம்.”

பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா சார்! வாங்கறதுக்கு முன்னாடியே குடித்தனம் வந்துடுச்சு!”

சார் சிரிக்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“மழை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“கட்டில்மேல ஏறிக்குவேன் சார்.”

“கட்டில் இருக்கா?”

“இல்ல சார்.”

சார் தரையில் கிடந்த தண்ணீரை ஷூவால் வாசல் பக்கம் தள்ளிப் பார்த்தார். பிறகு எழுந்து, “வேணாம் பாய்” என்றார்.

“சார்! ஆளே கெடச்சாச்சே சார்!”

“அதான் வேணாம். யாரும் வர மாட்டாங்கன்னா வாங்கியிருப்பேன். கடன் வாங்கியாவது வீட்டைத் தூக்கியிருப்பேன். இவர் இப்படியே வர்றேங்கறார். அப்புறம் நான் எதுக்கு சரி பண்ணுவேன்? அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னே இருந்துடுவேன். முப்பது வருஷம் வாடகை வீட்ல இருந்தவன் பாய் நான். எல்லா ஓனரும் என்கிட்ட அதத்தான் சொன்னாங்க.”

“இன்னா சார் பேஜாரா கீது!” என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். வரமாட்டேன் என்று சொன்னால் வாங்குவாராம், வருவேன் என்றதால் வாங்க மாட்டாராம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கும் முழுசாகப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது.

சார் வீட்டுக்கு போன் போட்டார். “பேங்க்லயே போட்டுடலாம்மா.”

“ஸ்தோத்திரம்!” என்ற அவர் மனைவியின் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. “அந்த பக்கெட்டை எடுத்துட்டு வந்து சேருங்க. போர்வை ஊறப் போடணும்.”

போனை வைத்துவிட்டு, பக்கெட்டைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். “வச்சுக்கோங்க. உங்களுக்கு வீடு பாக்கறப்ப வேணும்.”

“வீட்ல கேப்பாங்களே சார்?”

“பஸ்ல விட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணிடலாம்.”

படியேறி ரோட்டுக்குப் போனார். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தோள் சாய்ந்தேதான் இருந்தது.

தாம்பரம் வரும்வரை பாய் வண்டி ஓட்டிக்கொண்டே என்னைத் திட்டினார். நான் பின்னால் பக்கெட்டைக் கட்டிப் பிடித்தபடி, பட்டறையை விட்டு வந்த கதையைச் சொன்னேன். டீக்கடையில் வண்டியை நிறுத்தி ரெண்டு டீ சொன்னார்.

“வூடு இல்ல, வேலை இல்ல, பக்கெட்டு மட்டும் கீது. இன்னிக்கு ஆபீஸ்ல படுத்துக்கோ. காலைலேர்ந்து என்கூட வா. வூடு காட்ற வேலை. வாய மட்டும் தொறக்காத.”

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். முதல் வீடு கிழக்குத் தாம்பரத்தில். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடி, வாங்குவதற்காகப் பார்க்க வந்திருந்தது. பாய் சொன்னபடி நான் வாயே திறக்கவில்லை. குழாயைத் திறந்து, பச்சை பக்கெட்டை நிரப்பி, இடது தோளைச் சாய்த்துக்கொண்டு மொட்டை மாடிப் படி ஏறினேன்.