அஞ்சலை அக்கா மாடு தின்ற ஆராய்ச்சி

படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என்ன படிக்கிறோம் என்று வீட்டில் யாராவது கேட்டால், "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? அதற்காக ஒரு மாடு என்னைப் பழிவாங்கியது. (அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அப்போது சென்னையில் மூங்கிலின் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மூங்கில் பல பத்தாண்டுகள் சும்மா நிற்கும், ஒரே ஒருமுறை பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். அதைப் பூக்கச் சொல்வது எந்த மரபணு? இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பூக்காத மூங்கில் தாராளமாகக் கிடைத்தது. பூத்தது மட்டும் இரண்டு வருடமாகச் சிக்கவில்லை. "இந்த மாசத்துக்குள்ள கிடைக்கலேன்னா தலைப்பை மாத்திடும்மா" என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். மாற்றினால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து, மங்களூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் ஐந்து குத்து மூங்கில் பூத்திருப்பதாகத் தகவல் வந்தது. (கடற்கரை மங்களூர் இல்லை, திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மங்களூர்.) விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பூத்த மூங்கிலில் இலை அதிகம் இருக்காது. தேடித் தேடித் தளிராகப் பறித்து, குத்துக்கு ஒன்றாக ஐந்து கவரில் போட்டு எண் எழுதி, மீன் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து வீடு திரும்பினேன். மூன்று மணிக்கு ரயில்.

"இந்தப் பெட்டிய யாரும் தொடக் கூடாது. இது மூங்கில். என் படிப்பே இதுதான்" என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஐஸ் மட்டும்.

"அம்மா! இலை எங்க?"

"அஞ்சலை வூட்டு மாட்டுக்குக் குடுத்தேன்டி. காலையில கன்னு போட்டுச்சு, இன்னும் நஞ்சு விழல. தெருவே மூங்கில் தழைக்கு அலையுது. நம்ம வூட்ல வச்சிக்கிட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றியா?"

கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரிந்ததுதான். மூங்கிலைப் பற்றி அத்தனை ஆங்கிலக் கட்டுரை படித்த மண்டைக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை!

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்டதை அப்பா எடுத்து வந்து கொடுத்த ஓரம் உடைந்த வாஷ்பேசின்தான் அங்கே மாட்டுத் தொட்டி. மாடு அதன் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

"வா பாப்பா!" என்றார் அஞ்சலை அக்கா. "மாட்டு வைத்தியத்துக்குத்தான் பட்டணத்துல படிக்கிறியாமே, உங்கம்மா சொன்னாங்க. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இல்லக்கா, நான் படிக்கிறது டி.என்.ஏ..."

"அதுவும் எடுத்தாந்திருக்கியா? போடு, திங்கும்."

கொல்லைக்காரருக்குப் போன் போட்டேன். "பூத்த மூங்கில் குடும்பத்துக்கு ஆவாதும்மா. நீ போனதும் வெட்டிக் கொளுத்திட்டோம்" என்றார். வேறு வழியில்லாமல் மேடத்தை அழைத்தேன்.

"மாடு தின்னுடுச்சு மேடம்."

"ஐஸ் பெட்டிய மாடு எப்படிம்மா திறந்துச்சு?"

"எங்கம்மா திறந்தாங்க மேடம். நஞ்சு விழறதுக்கு."

மேடம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "விழுந்துச்சா?"

என் இரண்டு வருடம் போய்விட்டது; இவருக்கு மாட்டின் நலம்! முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

"ஏன்டி அழுவுற? எல்லாத்தையுமா குடுத்துட்டேன்?" என்றார் அம்மா. "தண்ணிப் பானைக்கு அடியில ஈர மணல்ல ஒரு கவர் வச்சிருக்கேன். வர்ற வாரம் அவங்க எருமை ஈனப்போவுது."

நான்காம் எண் கவர்! எருமையின் பங்கைப் பிடுங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். என் பட்டம் முழுக்க அந்த ஒரு கவர்தான்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அம்மாவும் அஞ்சலை அக்காவும் பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

"பூத்தது அஞ்சு குத்துன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணைத்தான் ஆராய்ஞ்சிருக்கீங்க. மீதி நாலு?" என்றார் தேர்வாளர்.

"எதிர்பாராத சூழ்நிலையால், சார்..."

"என்ன சூழ்நிலை?"

"எங்க மாடு தின்னுடுச்சுங்க!" என்று எழுந்து நின்றார் அஞ்சலை அக்கா. "கன்னு போட்டிருந்துச்சுங்க!"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நஞ்சு விழுந்துச்சாம்மா?"

"அரை மணி நேரத்துல!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். என் ஆராய்ச்சிக்குக் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது.

டாக்டர் பட்டமும் கிடைத்தது. ஆனாலும் போன வாரம் வீட்டுக்குப் போன் செய்து, "கட்டுரை ஒண்ணு அனுப்பியிருக்கேம்மா, பதில் வரணும்" என்று சொன்னால் அம்மா கேட்கிறார்:

"விழுந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"தழை குடுத்துப் பாரு."

பின்னால் அப்பா சிரிப்பது கேட்கிறது. நான் சிரிக்கவில்லை.