பேசத் தெரிந்த ஆபீஸ்

விறகடுப்பை ஒட்டி நெருங்கி உட்காருங்கள். வெளியே பனி இடுப்பளவு. இன்றைக்கு யாரும் வீடு போய்ச் சேரப்போவதில்லை. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் ஊர்ச் சபை ஆபீசில் பழைய போன்களைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இன்டர்நெட் போன் வைத்தார்கள். அப்போது ஊருக்கு ஊர் அதுதான் மோஸ்தர். வைத்துக்கொடுத்த டுவேன் கூலி வாங்கவில்லை. ஆகவே அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரே ஒரு சங்கடம், சவுண்ட் கார்டு லினக்ஸோடு பாதிதான் ஒத்துப்போனது. பேசவிட்டால் கேட்காது, கேட்கவிட்டால் பேசாது.

தலைவர் ஆர்மஸ் இதைச் சபையின் மேலான பரிசீலனைக்கு வைத்தார். ஆபீஸ் பேசுவதா, கேட்பதா? பேசுவது என்று ஐந்து பேரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் ஹில்யாவின் கம்ப்யூட்டர் மட்டும் கேட்கலாம் என்று அனுமதித்தார்கள்.

குளிர்காலம் வந்தது. ஆளில்லாத சாலையில் பனி அள்ளுவது வீண் என்று, கடைசிச் சாலைக்கு முதலில் போன் போட்டார்கள். அங்கே இருப்பது லெம்பியின் மாட்டுப்பண்ணை ஒன்றுதான். "தாங்கள் இங்கு வசிப்பதாயின் இப்போது தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்றது ஆபீஸ். லெம்பி, இருக்கிறேன் இருக்கிறேன் என்று தொண்டை கட்டுமளவு கத்தினாள்.

"பதில் ஏதும் கேட்கப்படவில்லை. நன்றி."

மறுநாளிலிருந்து பனி அள்ளும் வண்டி அவள் பக்கம் வரவில்லை. பால் லாரியும் வர முடியவில்லை. நாலு நாள் பாலைப் பனியில் கொட்டினாள். வெள்ளிக்கிழமைக்குள் சாலை திறக்காவிட்டால் இனி உன்னிடம் பால் எடுக்க மாட்டோம் என்று லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு ஆபீசுக்கே போனாள்.

"நேர்ல சொல்ல விதியில இடமில்லம்மா. போன்லதான் சொல்லணும்" என்றார் ஆர்மஸ்.

"உன் முன்னாடி நிக்கிறேனேப்பா."

"நீங்கதான் நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே."

அங்கிருந்து டுவேனிடம் போனாள். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் கேட்கிறது என்றான் அவன். அதில் வேறு கார்டு.

"குறை லினக்ஸ்ல இல்ல பெரியம்மா. வேணும்னா நீங்களே சரிபண்ணிக்கலாம், புரோகிராம் பூரா திறந்துதான் கெடக்கு."

"என் தொழுவமும் திறந்துதான் கெடக்கு. நீயே வந்து கறந்துட்டுப் போறியா?"

டுவேன் அவள் புகாரைக் கணினியில் பதிந்து, தன் வீட்டில் இப்படி நடக்கவில்லை என்று எழுதி, அப்போதே முடித்தும் வைத்தான்.

வியாழக்கிழமை சபைக் கூட்டம். பனிக்காலமாதலால் ஐந்து பேரும் அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட் போனில் கூடினார்கள். ஐந்து வீட்டிலும் டுவேன் போட்டதுதான், ஐந்தும் பேசும், ஒன்றும் கேட்காது. பொதுமக்களும் சேரலாம் என்பது விதி. மோஸ்தருக்கு ஆசைப்பட்டு நாங்களும் டுவேனிடம் போட்டுக்கொண்டவர்கள்தான், நான் உட்பட. ஆளாளுக்கு ஊர்க்குறையைப் பேசித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனோம்.

லெம்பியிடம் இருந்தது பழைய சுவர் போன். அதற்கு வாயும் உண்டு, காதும் உண்டு. அதிலிருந்து கூட்டத்துக்கு எண்ணைச் சுழற்றி, கொஞ்ச நேரம் சும்மா கேட்டாள். ஆர்மஸ் கோடைத் திருவிழா பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நாயைச் சோபாவிலிருந்து இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எது காதில் விழுந்தாலும் ஹில்யா எழுதிக்கொண்டிருந்தாள். எதிர்ப்புக் கேட்காதது எல்லாம் தீர்மானம்.

லெம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆர்மஸின் தோரணையிலேயே நிதானமாகச் சொன்னாள்: "பனி வண்டி நாள்தோறும் லெம்பியின் சாலைக்கு அனுப்பப்படும். தாங்கள் வசிப்பதாக இப்போது தெரிவிக்காத ஏனைய வீடுகள் யாவும் ஆளில்லாதவையாகக் கருதப்படும். ஆட்சேபம் உண்டா?"

மரியாதைக்கு ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"பதில் ஏதும் கேட்கப்படவில்லை. நன்றி" என்று சொல்லிப் போனை மாட்டினாள்.