சுவருக்கு விலை சொன்ன சக்கரம்

சென்ற முறை நூற்று இருபது வெள்ளி என்று சொன்ன சக்கரம், இன்று நூற்று நாற்பத்தைந்து என்றது.

தம்பிராஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். சக்கரத்தின் மேலிருந்த சிறு பெட்டியில் மூன்று எண்களும் அசையாமல் அவரைப் பார்த்தன.

"என்னங்க கிராணியாரே, என் செவுரு என்ன பாசார் மீனா? முந்தாநாளு ஒரு வெல, இன்னிக்கு ஒரு வெலயா?" என்றார் வீட்டின் சொந்தக்காரி கமலவேணி.

ஊரின் பெயர் காஜா பேராங்; மலாய் மொழியில் சினங்கொண்ட யானை என்று பொருள். மெர்டேக்கா என்னும் விடுதலை நாளுக்கு முந்திய அந்த மாதங்களில் அங்கே யானை ஏதும் இல்லை. சினம் முழுவதும் கமலவேணியிடமே இருந்தது.

இனிய காலம் அது. வானொலிச் செய்தி முடியும்வரை கோப்பிக் கடையில் ஒரே கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். வேலிகள் இருந்தன, ஆனால் புல் யார் வீட்டுப் புல் என்று எந்த ஆடும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அவர்கள் எழுந்த நாற்காலிகளில் நம்மவர் அமரப்போகிறார்கள் என்று ஊரே கனவு கண்டது.

கட்டடக் குத்தகையாளர் கலியாணசுந்தரத்தின் அலுவலகத்திலும் ஒரு நாற்காலி காலியாகும் நிலையில் இருந்தது. கட்டடச் செலவைக் கணக்கிடும் துரை கப்பலேறப் போகிறார். அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணி தம்பிராஜாவுக்கு அந்த நாற்காலியின் மேல்தான் கண்.

தாகமெடுத்த காக்கை கூழாங்கல்லைத் தேடியது. தம்பிராஜா சைக்கிள் சக்கரத்தைத் தேடினார். அடி அளந்து, செங்கல் எண்ணி, சிமெண்டு சேர்த்து, கூலி கூட்டி, ஒரு சுவருக்கு விலை சொல்லத் துரைக்கு நெடுநேரமாகும். தம்பிராஜாவோ பழைய சைக்கிளின் தூரங்காட்டிப் பெட்டியைக் கழற்றி, அதன் பற்சக்கரங்களைச் சுவரின் விலைக்கேற்ப அராவி, ஒரு சக்கரத்தில் பூட்டினார். சுவரின் இரு முனையிலும் அடித்த முளைகளுக்கு இடையே உருட்டினால் போதும். அடிக்கணக்கு வராது, வெள்ளியே எண்ணாக வந்து நிற்கும்.

கமலவேணியின் கிணற்றடிச் சுவர்தான் அதற்கு முதல் பரீட்சை. ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முளை, புல்வெளியில் ஒரு முளை. இடையில் எழ வேண்டியது சுவர்.

"டயருல காத்து எறங்கியிருக்கும்மா. சக்கரம் சிறுத்தா சுத்து கூடும், சுத்து கூடுனா வெள்ளி கூடும்," என்று சமாளித்தார் தம்பிராஜா.

பக்கத்து வீட்டுச் சபியா வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "அண்ணே, ஒங்க சக்கரம் கடகடன்னு கத்துனா என் ஆடு மெரண்டு பாலை அடக்கிக்கிது. வர்றதுக்கு முந்தி ஒரு கொரல் குடுங்க, ஓட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

அன்றுமுதல் தம்பிராஜா வாசலிலேயே சைக்கிள் மணியை அடித்துவிட்டு நுழைந்தார். காற்று டயரைக் கழற்றிவிட்டுக் கெட்டி ரப்பரைச் சுற்றி, பற்களைப் புதிதாக அராவிக்கொண்டு வந்து உருட்டினார். நூற்று ஐந்து!

"பாத்தீங்களா! இன்னொரு தடவ உருட்டுங்க, இன்னும் கொறையும்," என்று கமலவேணி பூரித்தார்.

தம்பிராஜாவுக்கோ வியர்த்தது. கோணலாக உருட்டியிருப்போமோ என்ற ஐயத்தில், மறுமுறை வந்தபோது இரு முளைகளுக்கும் இடையே கயிறு கட்டி, அதை ஒட்டியே நேராக உருட்டினார். நூற்று அறுபது!

கமலவேணி கிணற்றுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கொறைச்சுக் காட்டுறப்பவே கையெழுத்துப் போட்டிருக்கணும்!"

செய்தி முதலாளியின் காதுக்கு எட்டியது.

"தம்பிராஜா, தொரையோட இரும்பு டேப்பு இத்தன வருஷமா மாத்திப் பேசுனதில்ல," என்றார் கலியாணசுந்தரம். "நாளைக்கு அவரு அளந்து வெல போடுவாரு. மறுநாளு அவரு முன்னாடி நீ உருட்டு. ரெண்டும் ஒத்துப்போனா நாற்காலி ஒனக்கு. இல்லன்னா சக்கரத்த மறுபடி சைக்கிள்லயே மாட்டிக்க."

துரை வந்து டேப்பை இழுத்தார், கணக்குப் போட்டார். நூற்று முப்பது.

மறுநாள் எல்லாரும் கிணற்றடியில் கூடினார்கள். தம்பிராஜா மணியடித்தார், முருகனை நினைத்துக்கொண்டு உருட்டினார். சக்கரம் கடகடத்து ஓய்ந்தது.

நூற்றுப் பதினைந்து.

கலியாணசுந்தரத்தின் முகம் இருண்டது. துரை புன்னகையோடு, பிழையைக் காட்டிக்கொடுப்பதற்காகத் தம் டேப்பை மீண்டும் விரித்தார். செங்கல் எண்ணினார், சிமெண்டு சேர்த்தார், கூலி கூட்டினார். கமலவேணி கொடுத்த கோப்பி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் துரை தாளைப் பார்த்தார். டேப்பைத் தூக்கி வெயிலில் பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார்.

நூற்றுப் பதினைந்து.

ஆமையும் முயலும் ஒன்றாகவே எல்லையைத் தொட்டுவிட்டன. ஆனால் எல்லைக்கல் எங்கே என்றுதான் எவருக்கும் விளங்கவில்லை.

"ஐயய்யோ, தொரையோட டேப்புக்கும் தொத்திக்கிச்சே!" என்று கமலவேணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கலியாணசுந்தரம் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் ஒத்துப்போச்சு, சரி. ஆனா நேத்து நூத்தி முப்பது, இன்னிக்கு நூத்திப் பதினஞ்சு. ஒரே எடம், ஒரே டேப்பு. இதுக்கு ஒரு பதிலச் சொல்லிட்டு நாற்காலியில உக்காருப்பா."

தம்பிராஜா சக்கரத்தைப் பார்த்தார். அதைத் தலைகீழாகப் புரட்டிப் பற்களை எண்ணத் தொடங்கினார்.

அப்போது, ஒரு கையில் ஆட்டுக் கயிறும் மறு கையில் சுத்தியலுமாக, வேலிச் சந்து வழியே சபியா வந்தார்.

"கொஞ்சம் நகருங்கண்ணே, எல்லாரும் என் ஆட்டு மொளையவே சுத்தி நிக்கிறீங்க! இந்தப் பக்கம் புல்லு தீந்துபோச்சு, புடுங்கி அந்தப் பக்கம் அடிக்கணும்."