திரையில் கேட்ட காது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததெல்லாம் வெறும் ஒத்திகை. ஒரு காதுக் கருவிக் கம்பெனி, ஃபில்டர் வடிவமைக்கும் சிமுலேஷன் மென்பொருளை வாங்கிய நாளில்தான் நாகரிகம் முறைப்படி தொடங்கியது. பாகம் வாங்க வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். இயந்திர இரைச்சலைத் தடுத்து, பேச்சையும் ஹாரனையும் மட்டும் காதுக்குள் விடும் ஃபில்டர் திரையிலேயே பிறந்து, திரையிலேயே பாஸாகிவிடும்.

அந்த ஃபில்டரை வடிவமைத்த பெண் இன்ஜினியருக்கு மட்டும் மனசு உறுத்தியது. முதல் கருவி வாசல் காவலாளி அண்ணனுக்கு. பாவம், காது மந்தம். இன்னொரு முறை ஹாரன் கேட்காமல் கேட்டைத் திறக்காவிட்டால் வேலை காலி என்று டைரக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவள் கமுக்கமாக ஒரு கருவியை நிஜமாகவே செய்து, அவர் காதில் மாட்டினாள்.

"அண்ணே, கேக்குதா?"

"ஏன் தங்கச்சி வாயை மட்டும் அசைக்கிற? உள்ள தேனீக்கூட்டமே குடி வந்திருக்கு!"

அவள் மீட்டிங்குக்கு ஓடினாள்.

"சார், ஃபில்டருக்குள்ள போடற கெபாசிட்டர் கம்ப்யூட்டர்ல அளவு பிசகவே பிசகாது. கடையில வாங்கினது ஒவ்வொண்ணும் ஒரு அளவு. ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கும் என்று திரையில் காட்டிய வளைகோட்டை டைரக்டர் கண்கலங்கப் பார்த்தார். "இவ்வளவு அழகா கோடு வரைஞ்சிட்டு, நிஜத்தைப் போய் நம்புறியேம்மா!"

"அண்ணனுக்குக் கேக்கலையே சார்!"

"சிமுலேஷன்ல?"

"தொண்ணூத்தெட்டு சதவீதம் கேக்குது..."

"அப்புறம் என்ன? அதுக்கேத்த மாதிரி அவரை நடந்துக்கச் சொல்லு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கெபாசிட்டர் விற்ற கடைக்குக் கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிஜத்தில் சோதித்துப் பார்ப்பது 'பிற்போக்கு' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. 'ஆண்டின் சிறந்த வளைகோடு' பதக்கம் அவள் கழுத்தில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே, அந்த வளைகோடு அச்சிட்ட சோதனை அறிக்கையில் கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் காலை, அதே கருவியோடு அண்ணன் வாசலில் நின்றார். டைரக்டரின் கார் ஏழு முறை அலறியது. அண்ணன் காருக்கு முதுகைக் காட்டி, காதுக்குள் இருந்த தேனீக்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஒரு தாளோடு அவளிடம் வந்தார்.

"கண்ணாடி கொண்டு வரல. என்ன போட்டிருக்குன்னு பாரு தங்கச்சி. சம்பளம் ஏத்திட்டாங்களா?"

அவள் வாங்கிப் படித்தாள்.

'ஹாரன் தொண்ணூற்றெட்டு சதவீதம் தெளிவாகக் கேட்டும், வேண்டுமென்றே கேட்டைத் திறக்காத குற்றத்துக்காகத் தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள். ஆதாரம்: இத்துடன் இணைத்துள்ள வளைகோடு.'

கோடு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே அவள் கையெழுத்து.