இருக்கேன் என்று ஒரு வரி

அன்று ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: முதலாளி. புரோகிராம் எழுதும் ஜெபராஜ். அவனுக்கு அடுத்த நாற்காலி சுகந்தி. கணக்குப் பார்க்கும் மேரி அக்கா. கதவோரம் நான். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வண்டி ஓட்டுவது என் வேலை. எல்லோருக்கும் நடுவில் நின்றவர் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் லாக்கு அண்ணாச்சி.

ராஜபாளையம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவரைப் போல மிஷினை நம்பினவரும் கிடையாது, அவரைப் போல மிஷினைச் சந்தேகப்பட்டவரும் கிடையாது.

எங்கள் கம்பெனி சிறியது. கடைக்காரர்களுக்கு வெப்சைட் நடத்திக் கொடுப்போம். பேண்டேஜ் துணி விற்பவர், மாம்பழம் விற்பவர், பால்கோவா விற்பவர். அந்த சைட்டுகள் ஓடும் சர்வர்கள் ராஜபாளையத்தில் எங்கள் ஆபீசிலேயே இருந்தன. யார் வந்தார், எதைக் கேட்டார், எங்கே இடறியது என்று சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு வரியாகத் தனக்குள் எழுதிக்கொள்ளும். அதுதான் லாக். அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"அததது எழுதுறத எழுதட்டும். நகல் ஒண்ணு வேற ஊருக்குப் போகணும்," என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு?" என்றார் முதலாளி.

"மிஷின் செத்தா லாக்கும் சேந்து சாகும். செத்தவன் எந்திரிச்சு வந்து எப்படிச் செத்தேன்னு சொல்லுவானா?"

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி சரி என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலாளிக்கு ஒரு மாடி அறை சும்மா கிடந்தது. அங்கே நடு சர்வரை வைத்தோம். எல்லா சர்வரும் எழுதுவதன் நகல் அங்கே போய்ச் சேரும். பார்த்துக்கொள்ள அண்ணாச்சி. அவர் வீடும் அந்த ஊர்தான். வீட்டிலும் ஒற்றை ஆள். அறையிலும் ஒற்றை ஆள்.

பேட்டரி பார்க்க நான் போவேன். திரையில் வரி வரியாக ஓடும். அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டு, கல்யாண வாசலில் நிற்பவர் போல வரவேற்பார்.

"வாங்க, வாங்க. சேத்தூர்க்காரர் பேண்டேஜ் பாக்க வந்திருக்காரு."

"சேத்தூர்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நெனச்சுக்கிட்டேன்."

அடுத்த வரி வரும். "இவன் ஆளில்லலே. ஊர் ஊரா மேயுற மிஷின். தெனம் வருவான், எல்லாத்தையும் பாப்பான், ஒண்ணும் வாங்க மாட்டான். மச்சினன் மாதிரி."

ஆடிப்பூரத் தேரன்று எல்லா சைட்டும் நின்றுபோனது. பால்கோவாக்காரர் போனில் கத்தினார். முதலாளிக்குக் கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்குப் போய்விடும். அன்று முழுக்கத் தெலுங்கு. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், வண்டியை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு, தேர்க் கூட்டத்தில் இடிபட்டு மாடியேறினேன்.

விஷயம் இதுதான். ராஜபாளையம் அனுப்பியதை எல்லாம் அண்ணாச்சி திரும்ப ராஜபாளையத்துக்கே அனுப்பும்படி வைத்திருந்தார். அது புதுச் செய்தி என்று நினைத்து ராஜபாளையம் எழுதிக்கொண்டு, மறுபடி இங்கே அனுப்பியது. இது மறுபடி அங்கே. சண்டை போட்ட சம்பந்திகள் போல ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசி, இரண்டு பக்கமும் டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத இடமில்லாமல் சர்வர்கள் விழுந்தன.

"ஏன் அண்ணாச்சி இப்பிடிச் செஞ்சிய?"

திரையைக் காட்டினார். "அங்கருந்து எம்புட்டு வருது. இங்கருந்து ஒண்ணும் போகலியே. வாங்குனா திருப்பிச் செய்யாண்டாமாலே?"

வயரைப் பிடுங்கினேன்.

முதலாளி அறையை மூட நாள் பார்த்தார். "வெளிய வேற கம்பெனி சர்வர்ல வாடகைக்கு எடம் எடுத்தா லாக்கு அங்க போய்க் கெடக்கும். அதுக்கு ஒரு ரூம்பு, ஒரு ஆளு எதுக்கு?" என்றார். அண்ணாச்சிக்கு உலகத்தில் போக்கிடம் அந்த அறை ஒன்றுதான். அது எல்லோருக்கும் தெரியும். அவரவர் வேலையைப் பார்த்தோம்.

சர்வர்களுக்கு அண்ணாச்சி ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒன்றுமே நடக்காவிட்டாலும் அவ்வப்போது ஒரு வரி அனுப்ப வேண்டும், இருக்கேன் என்று. "பேசாம இருக்கவன் சும்மா இருக்கானா, போய்ச் சேந்துட்டானான்னு எப்படித் தெரியும்?" என்பார். அந்த வரி வராவிட்டால் நடு சர்வர் கூவும். கூவினால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

அறைச் சாவியைக் கொடுக்க வந்த அண்ணாச்சி எங்களைக் கூட்டி நிறுத்தினார்.

"நாளையிலருந்து காலையில அஞ்சு பேருக்கும் மிஸ்டு கால் குடுப்பேன். எடுக்கப்படாது. இருக்கேன்னு அர்த்தம். வரலைன்னா வந்து பாக்கணும்."

ஜெபராஜ் சிரித்தான். "பேசுனாலும் இப்பக் காசு கெடையாது அண்ணாச்சி."

"பேசி? என்னத்தலே பேச?"

காலையில் ஆபீசில் போன்கள் ஒவ்வொன்றாக அடித்து ஓயும். முதலாளி, மேரி அக்கா, ஜெபராஜ், சுகந்தி. கடைசியில் என்னுடையது. "அண்ணாச்சி இருக்காரு," என்று சொல்லிவிட்டு மேரி அக்கா கணக்கைத் திறப்பார். போகப் போக அதைச் சொல்வதும் நின்றது. சுகந்தி சத்தத்தை அணைத்து வைத்தாள்.

ஒரு நாள் காலையில் ஒரு போனும் அடிக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லோருக்கும் வேலை இருந்தது. வண்டியை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அண்ணாச்சி சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்டூலில் பிளாஸ்க். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஐந்து டம்ளர்கள்.

"ஒடம்புக்கு என்ன அண்ணாச்சி?"

"ஒடம்புக்கென்ன? அலாரம் அடிக்குதான்னு பாத்தேன். கட்டி வச்சாப் போதுமா, டெஸ்ட் பண்ணணும்லா."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஒரு டம்ளரை நிமிர்த்தி ஊற்றிவிட்டார். டீ ஆறியிருந்தது. குடித்தேன். உச்சி வெயில் ஏறும் வரை இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு மிச்ச டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"வேலை செய்யுதுலே," என்றார்.

மிஸ்டு கால் போகாதவர்கள் ஐந்து பேர். வந்து பார்த்தவர் ஒருவர்.