சுவிச் இல்லாத மட்டை

கொம்பியூட்டரைக் கண்ணால் காணாமலே கொம்பியூட்டர் பரீட்சையில் அதிவிசேட சித்தி எடுத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தச் சித்தியால் புத்தூரில் ஒரு வீடு கொஞ்ச நேரம் செத்தவீடாக இருந்தது. அதற்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. நின்ற பிறகுதான் எனக்குக் கொம்பியூட்டர் படிக்கும் ஆசை வந்தது. (என் புத்தி அப்படி. கடை பூட்டின பிறகுதான் பசிக்கும்.) திருநெல்வேலியில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வகுப்பு. மாஸ்டர் கரும்பலகையில் திரையைக் கீறுவார். எங்களுக்கு ஆளுக்கொரு காட்போட் மட்டை, அதில் கீபோட் மாதிரி வரிசையாக ஆங்கில எழுத்துகள். மட்டையில் விரலால் தட்ட வேண்டும். மாஸ்டர் பின்னால் நின்று பார்ப்பார். சரியாகத் தட்டினால் அடுத்த வரியைப் பலகையில் எழுதுவார். பிழையென்றால் தானே கொம்பியூட்டராக மாறி, "பாட் கொமாண்ட்" என்று மூக்கால் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் வகுப்பு ஒரே வசனத்தோடு தொடங்கும்: "கொம்பியூட்டர் ஓடுது எண்டு வைப்பம்."

பதினெட்டு மாதம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தோம்.

சான்றிதழ் கிடைத்த கையோடு ஜேர்மனியில் இருந்த பாலன் அத்தானுக்குக் கடிதம் எழுதினேன். அவர் என் பெரியம்மா மகள் யோகம் அக்காவின் புருஷன், கரண்ட் நின்ற அடுத்த கிழமையே வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர். ஊரிலேயே கொம்பியூட்டரில் விண்ணன் இப்போது நான்தான் என்று அந்தக் கடிதத்தில் கூசாமல் எழுதியிருந்தேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜேர்மனியில் அகதி வழக்குத் தோற்றுவிட்டது, காட்டு வழியால் சுவிசுக்குப் போகப் போகிறேன் என்று. அவ்வளவுதான். எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. எல்லையில் பனிக்குள் சில தமிழ்ப் பெடியள் விறைத்துக் கிடந்தார்களாம் என்று அச்சுவேலிச் சந்தையில் யாரோ கதைத்தது, மரக்கறிப் பையோடு புத்தூரில் அக்கா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அக்கா பொட்டை அழிக்கவும் இல்லை, கண்ணாடியில் பார்த்து வைக்கவும் இல்லை. அத்தானின் தகப்பன் தம்பையா மாமா மட்டும் அசையவில்லை. அவர் ரெயில் ஓடிய காலத்து ஸ்டேசன் மாஸ்டர். "பிந்துறது வேறை, வராதது வேறை" என்பார். தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போன ஊரில் இருந்துகொண்டு சொல்லுவார்.

அந்த நேரம்தான் அது வந்தது. கிளாலிக் கடல் தாண்டி, சேலைகளுக்கு நடுவில் சுற்றி, கை மாறிக் கை மாறி. கொண்டுவந்தவருக்கு அத்தானைத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுவரத் தடை என்பதால் ஆமிச் சோதனையில் புது விதமான தட்டச்சு மெசின் என்று சொன்னாராம். பிரித்தால் கறுப்பாக, தட்டையாக ஒரு பெட்டி. மடியில் வைக்கிற கொம்பியூட்டர், புத்தம் புதிது. கூடவே ஒரு துண்டு: 'தம்பிக்கு, வகுப்பு நடத்த. யோகத்துக்கு எழுதினதும் இதற்குள் இருக்கு. கடதாசியில் எழுதினால் வழியில் பிரித்து வாசிக்கிறார்கள்.' எழுத்து அத்தானுடையதுதான். திகதி இல்லை. அதை அவர் காட்டுக்குள் போக முன் எழுதினாரா, பின் எழுதினாரா என்று ஒருவருக்கும் தெரியாது.

யோகம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டா.

"உன்னாலை ஏலும்தானே, தம்பி?"

ஏலாது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற குணம் அண்ணை தன் ஜெனரேற்றரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, கயிற்றை இழுத்து ஓடவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். வயரை வீட்டு மெயினிலேயே கொடுத்தார். அங்கேதான் எனக்கு முதல் தடவை மயிர்க்கூச்செறிந்தது.

கரண்ட் நின்ற நேரத்தில் யாரும் எதையும் நிறுத்தி வைத்திருக்கவில்லை. எனவே வீடு விட்ட இடத்திலிருந்து எழும்பியது. பட்டப்பகலில் விறாந்தை லைற் எரிந்தது. குசினியில் யாரும் தொடாமல் கிரைண்டர் உறுமியது. பூட்டியிருந்த அத்தானின் அறைக்குள் றேடியோ இரையத் தொடங்கியது. அக்கா கதவைத் திறந்தா. மேலே காற்றாடி சிலந்தி வலையை இழுத்துக்கொண்டு மெல்லச் சுழல, இரண்டரை வருசத் தூசி அவருடைய கட்டிலில் உதிர்ந்தது. ஆள் இப்போதுதான் எழும்பிப் போனமாதிரி இருந்தது. அக்கா றேடியோவை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எங்களுக்கும் துணிவு வரவில்லை.

வீட்டில் எல்லாம் எழும்பிற்று, கொம்பியூட்டர் மட்டும் எழும்பவில்லை.

அதன் வயரின் பிளக் முள் எங்கள் சுவர்த் துளைக்குள் போகாது. துண்டு வயர் கட்டி, தீக்குச்சி செருகி இறுக்கினேன். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு எரிந்தது. சிவப்பு என்றால் ஆபத்து என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மட்டையில் தட்டிய எல்லாவற்றையும் தட்டினேன். திரை கிணற்றுத் தண்ணீர்போல என் முகத்தையே காட்டிக்கொண்டு கிடந்தது. வயரைப் புரட்டிக் கொடுத்தேன், ஊதினேன், முதுகில் தட்டினேன், கடைசியில் காதை வைத்துக் கேட்டேன். (டொக்டர் என்ற நினைப்பு.) ஒன்றரை மணித்தியாலம் போனது. மாமா கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். குணம் அண்ணை மண்ணெண்ணெய் முடியப்போகுது என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதிவிசேட சித்தி விடவில்லை. குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி, தீர்ப்புச் சொன்னேன்.

"அக்கா, இது செத்துப்போச்சு. வாற வழியிலையே உயிர் போயிருக்கும்."

அந்தக் கணம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது. றேடியோ நின்றது. அத்தானின் அறையில் காற்றாடி வரவர மெதுவாகி, கடைசியாக ஒருமுறை சுற்றி நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

"வழியிலையோ?" என்றா.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன? அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியாவது தப்பியிருப்பேன். குணம் அண்ணை ஜெனரேற்றரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அக்கா எழும்பி, பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குப் போனா. "புதுச் சாமான். ஒரு பொட்டுக்கூட வைக்காமல் கரண்டைக் குடுத்திட்டம்" என்று தனக்குத்தானே சொன்னா. எங்கள் ஊரில் புதுச் சைக்கிளோ தண்ணீர் பம்போ சந்தனப் பொட்டு வைக்காமல் யாரும் தொடுவதில்லை. நான்தான் படித்தவன், வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அக்கா சந்தனத்தைக் குழைத்து மூலைக்கு ஒன்றாக வைத்தா. வலது பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருந்தது. அதிலும் ஒன்று வைத்து அழுத்தினா.

கிளிக். பிறகு ஒரு நீண்ட கூவல்.

இருட்டு அறையில் அக்காவின் முகம் நீல வெளிச்சமாயிற்று. திரையில் இலக்கங்கள் ஓடின. பெட்டியின் வயர் என் கையில் இருந்தது. ஜெனரேற்றர் கோப்பாய் தாண்டியிருக்கும். பற்றறி ஊருக்குள் வரவே முடியாத சாமான். சாமி அறையில் ஒரு வயரும் இல்லாமல் அது தானாக எரிந்துகொண்டிருந்தது. நான் ஓடினேன். எப்படி என்று நினைவில்லை, கிணற்றடியில்தான் நின்றேன். மாமா ஓடவில்லை. வெறும் மேலோடு நின்றவர் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டு, தெறிகளைப் பூட்டத் தொடங்கினார். ரெயில் வரும்போது அப்படித்தான் செய்வாராம்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, வா. அவர் கண்ணைச் சிமிட்டுறார்."

போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்தது. கரும்பலகையில் மாஸ்டர் ஆயிரம் தடவை கீறிய அதே கோடு, இப்போது உயிரோடு. விரல்களுக்குப் பாடம் மறக்கவில்லை. டி, ஐ, ஆர்: உள்ளே இருப்பதைக் காட்டு என்கிற கட்டளை. வரிசையாகப் பெயர்கள் வந்தன. அதில் ஒன்று யோகம்.

"திகதி என்ன?" என்றார் மாமா. வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் போன மாதத்துத் திகதி இருந்தது. காட்டுக்குள் போய் ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதியது. மாமா திரும்பி நின்றுகொண்டார். அக்கா அப்போதுதான் அழுதா.

நான் கடிதத்தைத் திறந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். மாஸ்டருக்குப் பாடம் ஒப்புவிக்கும் குரலில் உரக்க வாசித்தேன்: "என்ரை குஞ்சு, உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்து..." என்று தொடங்கி இரண்டு வரி போன பிறகுதான், நான் வாசிப்பது மாமாவுக்கு முன்னால் என்பது புத்தியில் தட்டியது. மாமா இருமிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். சுவிஸ் முகாமில் சுகமாய் இருக்கிறேன், போட்ட கடிதம் எல்லாம் திரும்பி வருகுது, ஆவணி மாதம் கொழும்புக்கு வந்து நில் என்கிற இடம் வந்ததும் பெட்டி மூன்று முறை கத்தி இருண்டது. உள்ளே பற்றறி இருந்ததும், என் தீக்குச்சி வேலை அதற்கு ஒன்றரை மணித்தியாலம் உணவு ஊட்டியதும், அந்தக் குமிழ்தான் சுவிச் என்பதும் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மட்டையில் சுவிச் இருக்கவில்லை. மாஸ்டர் கீறவே இல்லை. கொம்பியூட்டர் ஓடுது என்றுதானே வைத்திருந்தோம்.

அக்கா ஆவணியில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அத்தானிடம் சுவிசுக்குப் போய்விட்டா. சுவிசில் இப்போதும் புது மெசின் வாங்கினால் சந்தனம் வைத்த பிறகுதான் சுவிச். எங்கள் குடும்பத்தில் எதையும் செத்துப்போச்சு என்று சொல்லும் உரிமை எனக்கு அன்றோடு பறிபோனது. கோழி விறைத்துக் கிடந்தாலும் இன்னொருவரைக் கேட்பார்கள்.

பல வருசம் கழித்து, மாமா கடைசியாகக் கிடந்தபோது நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார்.

"உவன் சொன்னால் நம்பாதையுங்கோ. ஒருக்கால் பொட்டு வைச்சுப் பாருங்கோ" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள் காலை அவர் போய்விட்டார். குளிப்பாட்டி, சேட்டுப் போட்டு, தெறி பூட்டிய பிறகு அவர் நெற்றியில் சந்தனம் வைக்கும் வேலை எனக்கு வந்தது. வைத்தேன். கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன்.