பொத்தானை அமுக்கினால் காப்பி

சட்டையின் வலது கையைத் தேய்த்து முடித்து இடது கைக்குப் போனபோது பிளக் பாயிண்டில் ‘பட்’டென்று ஒரு சத்தம். இஸ்திரிப் பெட்டி நின்றது. பக்கத்தில் செருகியிருந்த காப்பி மெஷினின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

பனியனோடு நின்ற பாலசுந்தரம் மெஷினின் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். பச்சைப்பால் வந்தது, மேலே காப்பித்தூள் மிதக்க.

அரியலூரில் ராசாங்கத்தின் லாரி ஆபீசில் அவன் கம்ப்யூட்டர் ஆள். அந்த மெஷினை முதலாளி 1997-ல் சென்னைக் கண்காட்சி ஒன்றில் வாங்கி வந்திருந்தார். பனி பெய்யும் ஊரின் ரயில் நிலையம் ஒன்றில் நிற்க வேண்டியது, வண்டி மாறி ஏறி, அரியலூர் வெயிலில் வந்து இறங்கிவிட்டதைப் போல இருக்கும். காலையில் ஆபீசைப் பெருக்கும் வீரம்மாள் பாலும் தூளும் போட்டுவிட்டுப் போவாள். அப்புறம் பொத்தானை அமுக்கினால் காப்பி. ஒன்பது மணிக்கு நாக்கைச் சுடும், மூன்று மணிக்கு வெதுவெதுப்பாகிவிடும். வெயிலுக்குத் தக்கபடி மெஷினே சூட்டைக் குறைத்துக்கொள்கிறது என்பார் முதலாளி. லேசாக அடிக்கும் சுக்கு வாசனையும் வெளிநாட்டுக் காப்பியின் குணம் என்று முடிவாகி ஐந்து வருடம் ஆகிறது. வீரம்மாள் செட்டிகுளம் முருகன் கோயிலுக்குப் போயிருந்ததால் இன்று பாலையும் தூளையும் பாலசுந்தரமே போட்டிருந்தான்.

இந்த மெஷினின் பெருமையைத்தான் பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அளந்துவிட்டு வந்திருந்தான். சுகன்யா கதவோரம் நின்று சிரித்தாள். அவள் அப்பா அழகேசன் சிரிக்கவில்லை. இரவல் பைக்கைச் சொந்த பைக் என்று சொன்ன ஒரு வரனை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். “ஒரு நாள் வந்து அந்தக் காப்பியக் குடிச்சுப் பாக்குறேன் தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு நாள் இன்றுதான். கீழப்பழுவூரிலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார். சட்டை தேய்த்ததே அவருக்காகத்தான்.

பாலசுந்தரம் பீஸ் கட்டையைப் பிடுங்கினான். கம்பி உருகியிருந்தது. இனி உருகவே கூடாது என்று காலண்டர் தொங்கிய கம்பியைக் கழற்றி முறுக்கி வைத்தான். அது உருகவில்லை. பதிலுக்கு மெயினில் புகை வந்து, ஃபேனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து நின்றன.

எதிர்க்கடையில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் மகேஷ் வந்தான். மெயினைச் சரிசெய்தான். பிறகு மெஷினைத் திறந்து பாலைக் கொட்டினான், உள்ளே இருந்த ஒட்டடையை ஊதித் தள்ளித் தும்மினான்.

“சூடேத்துற காயில் கருகிப்போச்சு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே கருகியிருக்கு.”

புதுசு திருச்சியில்தான் கிடைக்குமாம். மணி பத்தே முக்கால். மகேஷின் பார்வை மெல்ல இஸ்திரிப் பெட்டி மேல் விழுந்தது. “அதுவும் சூடு பண்றது. இதுவும் சூடு பண்றது” என்றபடி அதன் வயிற்றைப் பிளந்து காயிலை எடுத்து மெஷினுக்குள் வைத்துக் கட்டினான். ஒரு கை மடிப்போடும் ஒரு கை கசங்கலோடும் பாலசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமியது. மகேஷ் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். தொடாமல் குடித்தால் ஒன்றும் செய்யாது என்றான்.

அழகேசன் உள்ளே வந்தது அப்போதுதான். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. துள்ளிப் பின்னால் வந்து விழுந்தார். தோள் துண்டு ஜன்னல் வரை போயிற்று.

“காப்பி வரும்னீங்களே தம்பி” என்றார், எழுந்து விரலைப் பார்த்துக்கொண்டே. “வேற என்னமோல்ல வருது.”

மகேஷ் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். வாசலில் ராசாங்கம் நின்றிருந்தார். குடல் சரிந்த இஸ்திரிப் பெட்டியையும் மெஷினையும் பார்த்துவிட்டு, யார் வேலை இது என்று கேட்டார். மகேஷ் ஃபேனைப் பார்த்தான்.

ஹை வோல்டேஜ் என்று சொன்னால் அரியலூரில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பாலசுந்தரத்துக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. அழகேசனைப் பார்த்தான். இரவல் பைக் ஞாபகம் வந்தது.

“நான்தாங்க. சட்டை தேய்க்கிறேன்னு அதே பிளக்குல சொருகிட்டேன்.”

ராசாங்கம் ஆரம்பித்தார். அவன் அப்பாவில் தொடங்கி, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் வரை வந்தார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பதை மூன்று விதமாகச் சொன்னார். நெற்றி நிறைய விபூதியோடு பின்வாசல் வழியே வந்த வீரம்மாளை யாரும் கவனிக்கவில்லை. வழக்கம்போல மெஷினுக்குப் பின்னால் குனிந்து அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

திட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கச் சங்கடமாக இருந்த அழகேசன், துண்டை விரலில் நாலு சுற்றுச் சுற்றி, சும்மா இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினார்.

ஆவி பறக்கக் காப்பி வந்தது.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். “சுக்கு வாசனைகூட அடிக்குது. மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நெசம்.”

அதுவரை தம்பியாக இருந்த பாலசுந்தரம் அந்த ஒரு வாயில் மாப்பிள்ளையாகிவிட்டான். ராசாங்கம் திட்டை நிறுத்திவிட்டு மெஷினின் ஒயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். மெஷினின் பிளக் மகேஷின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் அதை வெளியே சொல்லமாட்டான் என்றார் முதலாளி கடைசியில். எல்லாம் தன் காயில் வேலை என்று மகேஷ் அடக்கமாகத் தலை குனிந்தான்.

வீரம்மாள் காலித் தூக்குவாளியை மூடியபடி மெஷினுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள்.

“அந்தப் புள்ளய ஏங்க வையிறீங்க? இது நான் தண்ணி ஊத்திக் கழுவுன அன்னிக்கே எரிஞ்சுபோச்சு, அஞ்சு வருசமா எங்க வூட்டுக் காப்பியத்தான் கொண்டாந்து ஊத்துறேன். இன்னிக்கு செட்டிகுளத்துல பஸ்ஸு கெடைக்கல, அதான் லேட்டு.”